சுழல் தண்டும் சாய்கோணமும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

எஞ்சின் இருப்பது முன்னால்; உந்தப்படுவது பின்சக்கரம். இரண்டுக்கும் நடுவே, காரின் வயிற்றுக்கு அடியில், ஏறத்தாழ 4 அடி நீளமுள்ள ஓர் இரும்புக் குழாய் சுழன்றுகொண்டிருக்கிறது. காரில் ஏறி இறங்குகிறவர்களில் பலர் அதைக் கண்ணால் பார்த்ததே இருக்காது. புத்தகத்தில் அதற்கு புரொப்பல்லர் ஷாஃப்ட் என்று பெயர். எங்கள் பட்டறையில் ஜாயிண்ட் ஷாஃப்ட் என்பார்கள். இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் ஓடுவதால் அவற்றில் இது கிடையாது. லாரியிலும் பஸ்ஸிலும் ஜீப்பிலும் பழைய அம்பாசடரிலும் உண்டு. அந்தக் குழாயைப் பற்றியும், அதன் இரு முனைகளில் உள்ள இணைப்புகளைப் பற்றியும், அவற்றால் எங்கள் வீட்டில் மூன்று வாரம் நிலவிய மௌனத்தைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தந்தையார் தருமபுரிப் பக்கத்தில் ஒரு சிறிய மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. சென்ற ஆண்டு, பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தமது 1970-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 2 காரைக் கொண்டுவந்து விட்டார். அவருடைய தகப்பனார் வாங்கிய கார். விற்க மனம் வரவில்லை; ஓட்டவும் முடியவில்லை.

அம்பாசடரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை ஒட்டி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் செய்த கார் அது. பழைய வண்டிகளில் 1489 சி.சி. எஞ்சினும், நான்கு கியர்களும், ஸ்டீயரிங்கின் அடியிலேயே கியர்க் கோலும் இருக்கும். 1990-களில் வந்த 1800 மாடலில் ஜப்பானின் இசுஸு வடிவமைத்த 1817 சி.சி. எஞ்சினும், தரையிலிருந்து எழும் கியர்க் கோலோடு ஐந்து கியர் கொண்ட பெட்டியும் வந்தன. ஆகவே பழைய அம்பாசடரை நேசிப்பவர்கள், கழித்துப் போட்ட 1800 வண்டியிலிருந்து எஞ்சினையும் கியர் பாக்ஸையும் எடுத்துப் பழைய கூட்டில் ஏற்றிக்கொள்வது உண்டு. தலைமையாசிரியரும் அதையே விரும்பினார். எஞ்சின் மாற்றத்துக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் முன் அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றில் ஏற்றும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இறக்கி ஏற்றும் வேலை நான்கு நாளில் முடிந்தது. அதன் பிறகுதான் ஷாஃப்ட் பிரச்சினை ஆரம்பமாயிற்று.

கியர் பாக்ஸ் மாறினால் ஷாஃப்டில் இரண்டு மாறுகின்றன. ஒன்று நீளம், மற்றொன்று கோணம். நீளத்தை எல்லாரும் கவனிக்கிறார்கள், ஏனென்றால் நீளம் பொருந்தாவிட்டால் ஷாஃப்டை மாட்டவே முடியாது. கோணம் அப்படியல்ல. தவறான கோணத்திலும் ஷாஃப்ட் அழகாக மாட்டிக்கொள்ளும், வண்டியும் ஓடும். பிறகு தொல்லை கொடுக்கும்.

முதலில் நீளம். எங்கள் வண்டியில் புதிய கியர் பாக்ஸின் வால் பழையதைவிட 6 சென்டிமீட்டர் பின்னால் வந்து நின்றது. ஆகவே ஷாஃப்டை வெட்டிச் சுருக்க வேண்டும். எவ்வளவு என்பதை ஜாக்கியில் தூக்கிய வண்டியில் அளக்கக் கூடாது. தூக்கினால் பின் அச்சு பட்டையோடு சேர்ந்து கீழே தொங்கிவிடும். கியர் பாக்ஸுக்கும் அச்சுக்கும் உள்ள தூரமே மாறிவிடும். நான்கு சக்கரமும் தரையில் நிற்க, பின் சீட்டில் இரண்டு ஆட்களை உட்கார வைத்து, அடியில் படுத்துக்கொண்டு அளந்தார் அப்பா. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பட்டை நிமிர்ந்து வளைகிறது. அச்சு முன்னும் பின்னும் சிறிது நகர்கிறது. அந்த நகர்வுக்கு இடம் கொடுப்பதற்காகத்தான் ஷாஃப்டின் முன்முனையில் உள்ள யோக், கியர் பாக்ஸின் வாலுக்குள் பல்வரிகளின் மேல் சறுக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. யோக் என்பது கவண் கட்டையைப் போன்ற இரு கரமுள்ள கவை. அதை வாலுக்குள் முழுவதும் தள்ளி, அங்கிருந்து ஓர் அங்குலம் வெளியே இழுத்த நிலையில் ஷாஃப்டின் நீளத்தைத் தீர்மானிப்பது வழக்கம். மிக நீளமாக வெட்டினால் பெரிய பள்ளத்தில் யோக் உள்ளே முட்டிக் கியர் பாக்ஸின் வாலை உடைக்கும். மிகக் குட்டையானால் பல்வரிகளின் பிடி குறைந்து ஒரு நாள் வெளியே வந்துவிடும். ஓடும் வண்டியில் ஷாஃப்டின் முன்முனை கழன்று சாலையில் குத்தினால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அதற்காகவே முன்முனைக்கு அருகில் ஒரு இரும்பு வளையம் போட்டுத் தாங்கல் கொடுப்பார்கள். அப்பாவும் போட்டார்.

வெட்டி ஒட்டியது லேத் பட்டறை மாமா. உறவில் மாமா அல்லர். இருபது ஆண்டுப் பழக்கத்தில் மாமா. வெட்டுவதற்கு முன் குழாயின் நீளம் நெடுக ஒரு நேர்கோடு கீறிக்கொண்டார். வெட்டிய இரு துண்டுகளையும் அந்தக் கோடு ஒன்றாகும்படி சேர்த்துப் பற்றவைத்து, லேத்தில் சுற்றவிட்டு டயல் கேஜ் வைத்துக் கோணல் பார்த்தார். அந்தக் கோடு எதற்கு என்பது கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

ஷாஃப்டை மாட்டினோம். 50 கிலோமீட்டர் வேகம் வரை வண்டி வெண்ணெய் போல ஓடியது. 60-ஐத் தொட்டதும் தரைத்தகடு ரீங்காரமிட்டது, கால் கூசியது, பின்காட்டும் கண்ணாடியில் உருவம் கலங்கியது. 75-ஐத் தாண்டினால் சற்று அடங்கியது. தலைமையாசிரியர் மூன்று முறை வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் அப்பாவுக்கு அதிகமாக வலித்தது. மூன்றாவது முறை, "வேண்டுமானால் சேலத்தில் ஒருவரிடம் காட்டட்டுமா?" என்று தயக்கத்தோடு கேட்டார்.

அப்பா லேத் மாமாவின் மேல் பாய்ந்தார். பற்றவைத்தது கோணல் என்றார். மாமா டயல் கேஜைக் கொண்டுவந்து காட்டினார். அப்பா அதைப் பார்க்கவே இல்லை. கூலியில் 1,500 ரூபாயை நிறுத்தி வைத்தார். பிறகு ஷாஃப்டைக் கழற்றி, பஸ்ஸில் எடுத்துப் போய், இயந்திரத்தில் வைத்து எடைச் சமன் பார்த்து, 2,000 ரூபாய் கொடுத்துத் திரும்பி வந்தார். மறுபடி மாட்டினோம். அதே 60-இல் அதே ரீங்காரம். அன்று முதல் வீட்டில் பேச்சு நின்றது. லேத் பட்டறையைத் தாண்டிப் போகும்போது அப்பா சைக்கிளை எதிர்ப்பக்கமாக ஓட்டினார்.

அந்தச் சமயத்தில் எனக்கு இயந்திரவியல் வகுப்பில் சுழற்சி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. அதிர்வு என்றால் அதற்கு ஓர் அதிர்வெண் இருக்க வேண்டும். அதிர்வெண் தெரிந்தால் எது அதிர்கிறது என்று தெரியும். இவ்வளவு எளிய எண்ணம் எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பாடப் புத்தகம் ஒரு பையிலும் பட்டறைச் சட்டை இன்னொரு பையிலுமாக இருந்ததே காரணம்.

ஷாஃப்ட் நொடிக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று முதலில் கணக்கிட்டேன். டயரில் ஒரு சுண்ணாம்புக் குறியிட்டு வண்டியைத் தள்ளி, ஒரு சுற்றுக்கு 2.05 மீட்டர் என்று கண்டேன். பின் அச்சில் உள்ள பல்சக்கர விகிதத்துக்கு ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, மற்றவற்றுக்குக் கல் முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்துக் கையால் சுற்றினேன். ஒரு சக்கரம் நிற்க மற்றது மட்டும் சுற்றுவதால், சக்கரத்தின் இரண்டு சுற்றுதான் கிரவுன் சக்கரத்தின் ஒரு சுற்று. சக்கரம் இரண்டு சுற்று வருவதற்குள் ஷாஃப்ட் நாலரைச் சுற்று வந்தது. ஆகவே விகிதம் 4½. மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். அதை 2.05-ஆல் வகுத்து 4½-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 37. நொடிக்கு 37 சுற்று! எத்தனையாவது கியரில் போனாலும் இந்த எண் மாறாது. ஷாஃப்டின் வேகம் சாலை வேகத்தை மட்டுமே பொறுத்தது.

எடைச் சமன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்து தெரியும். குழாயின் ஆரம் 25 மில்லிமீட்டர். பற்றவைக்கும்போது 10 கிராம் உலோகம் ஒரு பக்கத்தில் கூடுதலாகத் தங்கினால், இந்த வேகத்தில் அது குழாயை 13 நியூட்டன் விசையோடு, அதாவது 1.3 கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போல, வெளியே இழுக்கும். ஆனால் அந்த இழுப்பு ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான் வரும். ஆகவே எடைச் சமன் குறை என்றால் அதிர்வெண் 37 ஆக இருக்க வேண்டும்.

கைப்பேசிக்குள் முடுக்கத்தை அளக்கும் கருவி உண்டு. ஜெர்மனியின் ஆஹன் நகரப் பல்கலைக்கழகத்தார் மாணவர்களுக்காக இலவசமாக வெளியிட்டுள்ள ஃபைபாக்ஸ் என்னும் செயலி அதை அலைவரைபடமாகவும் அதிர்வெண் நிரலாகவும் காட்டும். என் கைப்பேசி நொடிக்கு 200 முறை அளக்கிறது. அப்படியானால் 100 வரையுள்ள அதிர்வெண்களை நம்பலாம். தலைமையாசிரியர் ஓட்ட, நான் பின் சீட்டின் கீழே கைப்பேசியைத் தகட்டோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தொப்பூர்க் கணவாய்க்கு முந்திய நேர்ச்சாலையில் 60-இல் பிடித்தோம். 37-இல் சிறிய மேடு. 73-இல் குன்று.

அவசரப்பட்டுக் கூத்தாடிவிட்டேன். இரவில் படுக்கும்போதுதான் சந்தேகம் எழுந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. நான்காவது கியர் நேர் கியர். எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. அப்படியானால் எஞ்சினின் அதிர்வும் 73-தானே! மறுநாள் மீண்டும் போனோம். இம்முறை அதே 60-இல் ஐந்தாவது கியர் போடச் சொன்னேன். எஞ்சினின் வேகம் இறங்கியது. குன்று இரண்டாகப் பிரிந்தது. சிறியது கீழே நழுவியது, பெரியது 73-இலேயே நின்றது. பிறகு நியூட்ரலில் விட்டு வண்டியை உருள விட்டோம். அப்போதும் 73. எஞ்சின் குற்றவாளி அல்ல. ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு முறை எதுவோ அதை உலுக்குகிறது. எடைச் சமனும் அல்ல. கோணல் ஒட்டும் அல்ல. லேத் மாமா குற்றமற்றவர்.

சுற்றுக்கு இரண்டு முறை உலுக்குவது எது? இங்கேதான் ஷாஃப்டின் முனைகளில் உள்ள யூனிவர்சல் ஜாயிண்டைப் பார்க்க வேண்டும். இரண்டு கவைகள், நடுவே கூட்டல் குறி வடிவில் ஒரு கிராஸ். ஒரு கவை கிராஸின் ஒரு குச்சியைப் பிடிக்கிறது, மற்றக் கவை குறுக்குக் குச்சியைப் பிடிக்கிறது. இதனால் இரண்டு தண்டுகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் சாய்ந்திருந்தாலும் ஒன்று மற்றொன்றைச் சுழற்ற முடியும். இத்தாலியரான கார்டானோ 16-ஆம் நூற்றாண்டில் வளையத் தொங்கல்களைப் பற்றி எழுதியதால் ஐரோப்பாவில் இதைக் கார்டன் இணைப்பு என்பர். நாம் பள்ளியில் சுருள்வில் விதியோடு நினைவில் வைத்திருக்கும் இராபர்ட் ஹூக் இதைத் தம் வானியல் கருவிகளுக்குப் பயன்படுத்தி 1676-இல் விவரித்திருப்பதால் ஆங்கிலேயர் ஹூக் இணைப்பு என்பர். காருக்கு ஏற்றபடி செய்து காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர். ஆண்டு 1903. அவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே இதில் ஈடுபட்டார் என்பதை மாணவ நண்பர்கள் கவனிக்க!

இந்த இணைப்பில் ஒரு குறை உண்டு. முன் தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும் பின் தண்டு சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். ஏன்? கணிதம் படிக்காத நண்பர்களும் இதைக் கண்ணால் காணலாம். வகுப்பறைச் சுவரில் உள்ள வட்டமான கடிகாரத்தை நேரே நின்று பாருங்கள். 12 எண்களும் சம இடைவெளியில் இருக்கும். இப்போது சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வட்டம் ஒடுங்கி நீள்வட்டமாகும். 12-க்கு அருகிலும் 6-க்கு அருகிலும் எண்கள் நெருங்கிக்கொள்ளும். 3-க்கும் 9-க்கும் அருகில் விலகி நிற்கும். முள் சீராகத்தான் ஓடுகிறது. சாய்ந்து பார்க்கிறவனுக்கோ அது நெருக்கமான இடத்தில் மெதுவாகவும் விலகிய இடத்தில் வேகமாகவும் திரும்புவதுபோல் தோன்றும். கடிகாரத்தில் இது தோற்றம். ஜாயிண்டிலோ இது உண்மை. சாய்ந்து நிற்கும் தண்டு, முன் தண்டின் வட்டத்தைச் சாய்வாகத்தான் 'பார்க்கிறது'.

சூத்திரமும் அதையே சொல்கிறது. ஓட்டும் கவை இரு தண்டுகளும் அமைந்த தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் நிலையிலிருந்து அளந்தால், பின் தண்டு திரும்பிய கோணத்தின் டேன்ஜெண்ட், முன் தண்டு திரும்பிய கோணத்தின் டேன்ஜெண்டைச் சாய்கோணத்தின் கொசைனால் பெருக்கியதற்குச் சமம். இதில் ஒரு வேடிக்கை. தரையில் வைக்கும் சூரியக் கடிகாரத்தில் நிழல் நகரும் விதிக்கும் இதே சூத்திரம்தான். கொசைனுக்குப் பதில் ஊரின் அட்சரேகையின் சைன் வரும். லண்டனின் அட்சரேகை 51½ பாகை. ஆகவே ஜாயிண்டை 38½ பாகை சாய்த்து முன் தண்டைச் சீராகச் சுற்றினால், பின் தண்டு லண்டன் சூரியக் கடிகாரத்தின் நிழலைப் போலவே நகரும். ஹூக்குக்கு இது தெரிந்திருந்தது. நமக்குக் குறையாகத் தெரிவது அவருக்குக் கருவியாயிற்று.

எவ்வளவு முந்தும் பிந்தும்? பின் தண்டின் வேகம், முன் தண்டின் வேகத்தைக் கொசைனால் பெருக்கியதற்கும் வகுத்ததற்கும் இடையே ஊசலாடுகிறது. சாய்வு 1 பாகையானால் ஏற்றத்தாழ்வு நூற்றுக்கு 0.015 பங்குதான். 6 பாகையானால் 0.55 பங்கு. 10 பாகையானால் 1½ பங்கு. 30 பாகையானால் 15 பங்குக்கு மேல்! சாய்வு இரட்டித்தால் குறை நான்கு மடங்காகிறது என்பதை இதில் காண்க. நூற்றில் அரைப் பங்குதானே என்று அலட்சியம் செய்யக் கூடாது. நொடிக்கு 37 சுற்றில், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை, கனமான இரும்பு முடுக்கப்பட்டுத் தடுக்கப்படுகிறது.

பிறகு கார்கள் எப்படி ஓடுகின்றன? ஷாஃப்டில் ஜாயிண்ட் ஒன்றல்ல, இரண்டு. முன் ஜாயிண்ட் செய்த குறையைப் பின் ஜாயிண்ட் அழிக்கிறது. அது அழிப்பதற்கு இரண்டு நிபந்தனைகள். குழாயின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஒன்று நட்டுக்குத்தாக நின்றால் மற்றதும் நட்டுக்குத்தாக நிற்க வேண்டும். லேத் மாமா குழாயில் கீறிய கோடு இதற்காகத்தான். கவைகள் 90 பாகை மாறிவிட்டால் இரண்டு குறைகளும் அழிவதற்குப் பதில் ஒன்றுசேர்ந்துவிடும். இரண்டாவது நிபந்தனை, இரு ஜாயிண்டுகளின் சாய்கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், கியர் பாக்ஸின் அச்சும் பின் அச்சின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒரே உயரத்தில் இருக்க வேண்டியதில்லை.

முதல் நிபந்தனையை ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். கவைகள் இம்மியும் பிசகவில்லை. இரண்டாவதற்கு என் பள்ளிக்கூட வடிவியல் பெட்டியிலிருந்த பாகைமானியில் நூல் கட்டி, நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டேன். கிராஸின் தொப்பியைக் கீழ்நோக்கித் திருப்பினால் அதன் தட்டையான முகம் தண்டுக்கு இணையாக இருக்கும். அதில் பாகைமானியை ஒட்டி வைத்தால் நூல் கோணத்தைச் சொல்லும். பட்டறைத் தரை சரிவாயிற்றே என்று கவலை வேண்டாம். நமக்குத் தேவை வித்தியாசங்கள்தாம். கைப்பேசியிலும் சாய்வுமானி இருக்கிறது. ஏனோ நட்டை நம்பினேன். ஒவ்வொன்றையும் ஐந்து முறை அளந்து சராசரி எடுத்தேன்.

கியர் பாக்ஸ் பின்னோக்கிச் சரிவது 1½ பாகை. ஷாஃப்ட் சரிவது 7½ பாகை. பினியன் 4 பாகை. ஆகவே முன் ஜாயிண்டின் கோணம் 6 பாகை, பின் ஜாயிண்டின் கோணம் 3½ பாகை. முன்னது செய்யும் குறை 0.55, பின்னது அழிப்பது 0.19. மிச்சம் 0.36 பின் அச்சுக்குப் போய்ச் சேர்கிறது, சுற்றுக்கு இரண்டு முறை. தரைத்தகட்டின் இயல்பான அதிர்வெண்ணும் அதற்கு அருகில் இருந்திருக்க வேண்டும். 75-இல் அடங்கியதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கியர் பாக்ஸ் ஏன் 1½ பாகை மட்டும் சரிந்திருக்கிறது? அதன் வாலைத் தாங்கும் மவுண்டிங்கைப் பார்த்தேன். ரப்பருக்கு அடியில் 45 மில்லிமீட்டர் உயரத்துக்கு இரும்புப் பேக்கிங். எஞ்சினின் முன் மவுண்டிங்குக்கும் இதற்கும் ஒரு மீட்டர் தூரம். ஒரு மீட்டருக்கு 45 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 2½ பாகை. 4-இலிருந்து 1½-ஐக் கழித்தால் வருவதும் 2½. விடை அச்சடித்தாற்போல் கிடைத்துவிட்டது.

அந்தப் பேக்கிங்கை வைத்தவர் என் அப்பா.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். எனக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். நான் படிக்க வேண்டும் என்பதற்காகவே தம் கைக்கு உதவியாள் இல்லாமல் வேலை செய்கிறவர். படித்த பிள்ளை தகப்பனைப் பிழை பிடிக்கிறான் என்று ஆகிவிடக் கூடாது. கடைசியில் சூத்திரத்தைப் பேசாமல், மூன்று எண்களைப் பலகையில் எழுதிக் காட்டினேன்.

"அப்பா, கியர் பாக்ஸும் ஹவுசிங்கும் ஒரே சாய்வுல இருக்கணுமில்ல?"

"ஆமா. இதுகூடத் தெரியாமயா இருக்கேன்?"

"ஒண்ணு ஒண்ணரை காட்டுதுங்க. இன்னொண்ணு நாலு."

வெகு நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். உள்ளேயிருந்தே சொன்னார்: "சைலன்சர் பைப் இடிச்சுதுடா. அதுக்காகத் தூக்கி வச்சேன். அப்புறம் மறந்தே போயிட்டேன்."

அவருக்குச் சூத்திரம் தெரியாது. இணையாக இருக்க வேண்டும் என்ற விதி தெரியும். நாற்பது ஆண்டுகளாகத் தெரியும். மாட்டும் நாளில் குழாய் இடித்ததால் தற்காலிகமாகத் தூக்கி வைத்ததுதான் நினைவிலிருந்து நழுவிவிட்டது. சூத்திரம் தெரிந்த எனக்கோ, பேக்கிங்கை வைத்த அன்று பக்கத்திலேயே நின்று டார்ச் பிடித்தும் ஒன்றும் தோன்றவில்லை.

பேக்கிங்கை எடுப்பதா, அல்லது பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துப் பினியனைச் சாய்ப்பதா என்று ஒரு கேள்வி வந்தது. ஆப்பு வைப்பது சுலபம். சைலன்சர் குழாயைத் தொட வேண்டாம். பினியனையும் 1½-க்குக் கொண்டுவந்தால் இரு பக்கமும் 6 பாகை, சமம் ஆகிவிடும். ஆனால் நடுவிலுள்ள குழாய் அப்போதும் 0.55 பங்கு ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பின் அச்சுக்கு அது தெரியாதே தவிர, கிராஸின் ஊசிப் பேரிங்குகளுக்குத் தெரியும். கோணங்கள் சமமாக இருந்தால் மட்டும் போதாது. சிறியவையாகவும் இருக்க வேண்டும். அதற்காக முற்றிலும் பூச்சியமாக்கிவிடலாமா என்றால் அதுவும் கூடாது என்றார் அப்பா. கோணமே இல்லாவிட்டால் ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று அழுத்திக் குழி விழுந்துவிடும். அவர் கழற்றிப் போட்ட பழைய கிராஸ் ஒன்றில் வரிவரியாக அந்தக் குழிகளைக் காட்டினார். என் பாடப் புத்தகத்தில் அது இல்லை.

பேக்கிங்கை எடுத்தோம். சைலன்சர் குழாயைச் சூடாக்கி வளைத்து ஒதுக்கினார். கியர் பாக்ஸின் வால் இறங்கியதால் ஷாஃப்டின் சரிவும் 5 பாகைக்கு வந்தது. இப்போது கியர் பாக்ஸ் 4, ஷாஃப்ட் 5, பினியன் 4. முன்னும் பின்னும் ஒவ்வொரு பாகை. சறுக்கு யோக்கின் அந்த ஓர் அங்குலம் மாறவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டோம்.

தொப்பூர்ச் சாலையில் மீண்டும் 60-இல் ஓட்டினோம். 37-இல் பழைய சிறிய மேடு அப்படியே இருந்தது. 73-இல் எஞ்சினுடையது போக ஒன்றும் இல்லை. தலைமையாசிரியர் கைப்பேசித் திரையைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தார். அதில் பின்னால் வந்த லாரியின் எண் பலகை அசையாமல் தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, பேசிய கூலியின் மிச்சத்தை எண்ணி அப்பாவின் கையில் கொடுத்தார். என் தேர்வுக் கட்டணம் அதிலிருந்துதான் கட்டப்பட்டது.

அன்று மாலை அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, 1,500 ரூபாயை எடுத்துக்கொண்டு, சைக்கிளில் லேத் பட்டறைக்குப் போனார். என்னை வரச் சொல்லவில்லை. திரும்பி வர இரவு ஒன்பதாயிற்று. என்ன பேசினார்கள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருக்கையில், வாசலில் மாமாவின் குரல் கேட்டது. ஜீப்பின் ஷாஃப்ட் ஒன்றைத் தோளில் சாய்த்தபடி நின்றிருந்தார்.

"தம்பி இருக்கானா? அந்தப் பாகைமானியை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."